வைத்த மூட்டு கழன்றுவிடுமா?

அவ்வளவு எளிதில் கழலாது. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். 62 வயதில் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஐந்தாவது மாதத்தில் மறுபடியும் ஜிம்முக்குப் போகத் தொடங்கியிருக்கிறீர்கள். கடிதத்தில் ஒன்பது சந்தேகங்கள் இருந்தாலும், எடை தூக்கினால் மூட்டு ஆட்டம் கண்டுவிடுமோ என்ற ஒரே கவலைதான் எல்லாவற்றிலும் தெரிகிறது. யாரோ ஒருவருக்குக் கழற்றி எடுத்த தேய்ந்த மூட்டை வீடியோவில் பார்த்துவிட்டு நீங்கள் ஏன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? மாற்றிய முழங்கால்களில் பத்துக்கு எட்டு, 25 ஆண்டுகள் வரை உழைக்கின்றன. அறுவைக்குப் பின் தொடைத் தசை மெலிந்துபோகும். அதைத் தேற்றாமல் நாற்காலியே கதி என்று இருந்தால்தான் கெடுதல்.

நடக்கும்போது கேட்கும் ‘டக் டக்’ சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்வதால் வருவது. தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பது, தோலுக்குப் போகும் சிறு நரம்பு அறுபட்டதால். இரண்டாலும் ஆபத்தில்லை.

எனக்குக் கவலை தந்தது உங்கள் கடைசி வரி. முழங்கால் சூடாக இருந்தது என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறீர்கள். இதை ஏன் செய்தீர்கள்?

பயிற்சி செய்த அன்று முழங்கால் சூடாவதும் லேசாக வீங்குவதும் பல மாதங்களுக்கு இருக்கும். துணியில் சுற்றிய ஐஸை வைத்து, காலை உயர்த்திப் படுத்தால் மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். அப்படித் தணியாமல் நாளுக்கு நாள் கூடினாலோ, குறைந்திருந்த வலி திரும்பி வந்து இரவில் படுத்திருக்கும்போதும் குடைந்தாலோ, தழும்பில் ஒரு சொட்டு நீர் கசிந்தாலோ கிருமித்தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், பலருக்கு வருவதே இல்லை. கிருமிகள் உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டால் மாத்திரை மட்டும் அவற்றை அழிக்காது. ஊசியால் மூட்டு நீரை எடுத்து, எந்தக் கிருமி என்று ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்துத்தான் மருந்து தர முடியும். அதற்குள் நீங்களாக ஆன்டிபயாடிக் விழுங்கிவிட்டால் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். தொற்று உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் கடந்தால் வைத்த மூட்டையே எடுக்க நேரிடும். இத்தனை செலவும் வலியும் பட்டு வைத்துக்கொண்ட மூட்டு அது.

ஜிம்முக்குக் கிளம்புமுன் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போட்டுக்கொள்வதையும் இன்றோடு நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் உங்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல வேண்டிய வலியையும் அது அமுக்கிவிடுகிறது.

பயிற்சிகளில் சைக்கிள்தான் உங்களுக்கு முதல் நண்பன். இருக்கையை உயர்த்தி வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் முழங்கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் மூட்டு அதிகமாக மடங்கி வலிக்கும். கால்களால் எடையைத் தள்ளும் இயந்திரத்தில் குறைந்த எடையில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். டிரெட்மில்லில் நடக்கலாம், ஓட வேண்டாம். குதிப்பதும், எடையைத் தோளில் சுமந்து முழுக்க உட்கார்ந்து எழுவதும் வேண்டாம். உலோகங்களுக்கு நடுவே இருப்பது சுமார் ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் தகடு. அத்தனை அடியையும் அதுதான் வாங்கும்.

இப்போது வீக்கம் இல்லை என்று எழுதியிருந்தாலும், அறுவை செய்த மருத்துவரை இந்த வாரமே பாருங்கள். சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோய், எந்தத் தேதியில் தொடங்கி எப்போது நிறுத்தினீர்கள் என்று சொல்லுங்கள். அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்து, தேவையானால் ரத்தப் பரிசோதனையும் செய்து, சரி என்று சொன்ன மறுநாள் ஜிம்முக்குப் போகலாம்.