பேக் டோர் வேலைக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: என் தம்பி 2023-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தான். இருநூறு இடத்துக்கு மேல் விண்ணப்பித்திருப்பான். முதலில் எந்நேரமும் லேப்டாப்பும் கையுமாக இருந்தவன், நான்கைந்து மாதமாக எதற்குமே விண்ணப்பிப்பதில்லை. விடிய விடிய போன், மதியம் வரை தூக்கம். அப்பா திட்டுகிறார், அம்மா அழுகிறார். அடுத்த மாதம் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக்கூட வர மாட்டேன் என்கிறான். சென்னையில் தெரிந்தவர் ஒருவர் ஒன்றரை லட்சம் கொடுத்தால் பெரிய ஐ.டி. கம்பெனியில் பேக் டோரில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். பாதி இப்போது, மீதி ஆஃபர் லெட்டர் வந்த பிறகு. என் நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா? இல்லையென்றால் அவனை மறுபடி எப்படிக் கிளப்புவது?
(வாசகி, விருதுநகர் மாவட்டம்)

பதில்:

நகை பீரோவிலேயே இருக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

இருபது வருடமாகக் கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிற தொழிலில் இருக்கிறேன், அதனால் இந்த ‘பாதி இப்போது, பாதி ஆஃபர் லெட்டர் வந்ததும்’ என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்பவருக்கு அது நியாயமாகத் தெரியும், ஆஃபர் லெட்டர் வந்த பிறகுதானே மீதி கேட்கிறார், ஏமாற்றுக்காரர் என்றால் மொத்தமாகக் கேட்டிருப்பாரே என்று தோன்றும். ஆஃபர் லெட்டர் என்பது ஒரு தாள். லோகோவை இணையத்தில் எடுத்து, கலர் பிரிண்ட் போட்டால் பத்து ரூபாய் ஆகும். அதற்கு முன் ஒரு நாடகமும் உண்டு: ஓ.எம்.ஆர். பக்கம் வாடகைக்கு எடுத்த அறையில் இரண்டு பேர் டை கட்டிக்கொண்டு இன்டர்வியூ எடுப்பார்கள், தம்பியும் தேர்வானதாக நம்பிவிடுவார். மீதிப் பணம் கை மாறியதும் சேரும் தேதி தள்ளிப்போகும். ‘பிராஜெக்ட் ஹோல்டில் இருக்கிறது’ என்பார்கள், பிறகு ‘அடுத்த பேட்ச்’ என்பார்கள், கடைசியில் போன் ஸ்விட்ச் ஆஃப். குறுக்கு வழியில் போனோம் என்ற கூச்சத்தில் பாதிப் பேர் போலீசுக்கும் போவதில்லை, அந்தக் கூச்சத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. உங்கள் ஊரில் யாராவது ஏற்கெனவே கொடுத்து ஏமாந்திருந்தால், ஆன்லைனில் அனுப்பிய பணத்துக்கு உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள். சென்னை என்றால் மத்திய குற்றப்பிரிவில் வேலை மோசடிக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து இதைத்தான் கொண்டுவருவார்கள். ‘தம்பிக்கு இரண்டு வருட அனுபவம் இருப்பதாகச் சர்டிஃபிகேட், சம்பள ரசீது எல்லாம் தயார் பண்ணித் தருகிறோம்’ என்பார்கள். வேண்டவே வேண்டாம். பெரிய கம்பெனிகள் ஆளைச் சேர்ப்பதற்கு முன்போ சேர்த்த பின்போ பின்னணி விசாரிக்க ஆள் வைத்திருக்கின்றன. பி.எஃப். எண்ணைத் தட்டினால் எந்தக் கம்பெனி எந்த மாதம் பணம் கட்டியது என்று வந்துவிடும். இப்படி ஒரு பையனை, சேர்ந்து ஏழாவது மாதம், நல்ல பெயர் எடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரே மதியத்தில் வெளியே அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை அவன் கையில் கொடுத்தது நான்தான்.

அதுவும் பலிக்காவிட்டால் ‘வெளிநாடு’ என்பார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று கூட்டிப்போய் மியான்மர் எல்லையில் மியாவாடியில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கதை 2022-லேயே வெளிவந்துவிட்டது, அதில் சிக்கி மீண்ட தமிழ்நாட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் உரிமம் வேண்டும், உரிமம் உள்ள ஏஜென்ட்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். மத்திய அரசின் இமிகிரேட் (eMigrate) இணையதளத்தில் ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கிண்டியில் தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978-லிருந்து நடத்துகிறது, போக வேண்டுமென்றே இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள்.

சரி, கன்சல்டன்சி என்றாலே திருடர்களா? இல்லை, நானும் அதில்தான் சோறு தின்கிறேன். எங்களுக்குக் காசு கொடுப்பது கம்பெனி. ஆள் எடுத்துக் கொடுத்தால் அவரது வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கம்பெனியிடமிருந்து வரும். இதுதான் பரவலான வழக்கம். ஆனால் கோயம்புத்தூர், திருப்பூர், ஓசூர் பக்கம் சின்னப் பட்டறைகளுக்கும் மில்களுக்கும் ஆள் பார்த்துத் தரும் உள்ளூர் அலுவலகங்கள் சில உண்டு. அந்த முதலாளிகள் கமிஷன் தர மாட்டார்கள், அதனால் சேர்பவரிடம் பாதி மாதச் சம்பளமோ ஒரு மாதச் சம்பளமோ வாங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, ஆனால் மோசடி என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அவர்கள் பணம் வாங்குவது ஆள் வேலையில் சேர்ந்து, முதல் சம்பளம் வங்கியில் ஏறிய பிறகு. ரசீது தருவார்கள். கடைக்குப் பெயர்ப் பலகை இருக்கும், பத்து வருடமாக அதே மாடியில் இருப்பார்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்க மாட்டார்கள், நகல்தான் கேட்பார்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம் நூறு, இருநூறு கேட்டால்? அது மோசடி ஆகாது, ஆனால் நூறு ரூபாயில் பிழைக்கிற ஆளுக்கு வேலை வாங்கித் தர வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். லேப்டாப்புக்கு டெபாசிட், பயிற்சிக்கு டெபாசிட், யூனிஃபார்முக்கு டெபாசிட் என்று சேர்வதற்கு முன் கேட்பது எதுவும் இந்த விலக்கில் வராது. உங்கள் சென்னைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்: ‘அண்ணே, வேலையில் சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதச் சம்பளத்தை அப்படியே உங்களுக்கே தருகிறோம், சம்மதமா?’ பதில் வராது.

இப்போது தம்பி விஷயம்.

அவர் சோம்பேறி ஆகவில்லை. முதலில் அப்பாவுக்கு இதைப் புரியவையுங்கள். இருநூறு விண்ணப்பம் போட்டு, வேண்டாம் என்று சொல்லக்கூட ஒருவரும் பதில் போடவில்லை என்றால், எவருக்கும் கை ஓயும். எங்கள் தொழிலின் அசிங்கம் இது. ஆள் எடுக்கப் போவதில்லை என்று தெரிந்தும் விளம்பரத்தை மாதக்கணக்கில் தூக்காமல் வைத்திருப்பார்கள், ‘ஃபிரெஷர் தேவை, இரண்டு வருட அனுபவம் அவசியம்’ என்று கூசாமல் போடுவார்கள். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஓர் ஊர். அங்கே ஊருக்கே சோறு போட்ட நூற்பாலை மூடியபோது, 1930-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நேரம் நிறையக் கிடைத்தது, நூலகத்தில் கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் புத்தகம் எடுப்பது இரண்டு வருடத்தில் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. வேலை போன ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்துபோனது. ‘சும்மாதானே இருக்கிறாய், படிக்கலாமே’ என்று கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு போடுங்கள். வேலையைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் மட்டும் பேசலாம், மற்ற ஆறு நாளும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, அப்பாவும் சேர்த்துத்தான். பக்கத்து வீட்டுப் பையன் சம்பளம் எந்த நாளும் பேச்சில் வரக் கூடாது.

முதல் ஞாயிறு, அந்த இருநூறையும் ஒரு நோட்டில் எழுதி மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள், கூட உட்காருங்கள். எத்தனை இடத்திலிருந்து போன்கூட வரவில்லை, எத்தனை இடத்தில் முதல் சுற்றில் போனது, எத்தனை இடத்தில் கடைசி வரை போய் நின்றது. போனே வரவில்லை என்றால் கோளாறு தம்பியிடம் இல்லை, பயோடேட்டாவில், அல்லது விண்ணப்பித்த இடத்தில். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐ.டி. வேலைகளுக்கு விரலால் தட்டித் தட்டி அனுப்பியிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு அங்கேதான் போயிருக்கும். முதல் சுற்றில் போகிறது என்றால் கணக்கும் ஆங்கிலப் பேச்சும், அதைப் பழகிக்கொள்ளலாம். கடைசிச் சுற்று வரை போய்த் தவறியது நான்கைந்து இருந்தால் அவர் நன்றாகத்தான் செய்கிறார், ஆள் அதிகம், இடம் குறைவு, அவ்வளவுதான். தம்பி இப்போது இந்த மூன்றையும் சேர்த்து ‘நான் லாயக்கில்லை’ என்று ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருப்பார்.

அப்புறம் அப்ரென்டிஸ், அதாவது உதவித்தொகையோடு தொழிற்சாலையில் பயிற்சி. பி.இ. முடித்தவர்கள் இதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள், எனக்கு அது ஏனென்று விளங்கியதே இல்லை. இதற்கான மத்திய அரசின் நாட்ஸ் (NATS) இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம், நம் பகுதிக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஒரு வருடப் பயிற்சி. பட்டதாரிக்கு உதவித்தொகை குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று 2019-ல் வைத்தார்கள், அதில் பாதியை மத்திய அரசு கொடுக்கிறது, ஒவ்வொரு அறிவிப்பிலும் தொகை எழுதியிருக்கும். நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் இப்படி எடுக்கின்றன, தனியார் தொழிற்சாலைகளும்தான். முடிந்ததும் வேலை தர வேண்டும் என்று சட்டத்தில் கிடையாது, அதை எதிர்பார்த்துப் போகவும் வேண்டாம். ஆனால் ஒரு வருடம் ஷாப் ஃப்ளோரில் நின்று டிராயிங் படித்து, மைக்ரோமீட்டர் பிடித்து அளந்த பையனும் வீட்டில் இருந்த பையனும் என் மேசைக்கு வந்தால் நான் யாரை எடுப்பேன்? அறிவிப்புகளில் எந்தெந்த வருடம் படிப்பு முடித்தவர்கள் என்று போடுவார்கள், 2023 என்பது பழையதாகிக்கொண்டே வருகிறது, அதனால் ‘பார்க்கலாம்’ என்று தள்ளாதீர்கள்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வையுங்கள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறக்காதீர்கள், ஆனால் அங்கிருந்து கடிதம் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உதவித்தொகை பற்றியும் கேட்பீர்கள். பதிந்து ஐந்து வருடம் காத்திருந்தால், குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000-க்குள் இருந்தால், பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பொறியியல் படித்தவருக்கு அதுவும் கிடையாது. இந்தக் கணக்கைப் போட்டது யார் என்று எனக்கு ஓர் ஆவல், ஒருமுறை பார்த்துக் கும்பிட வேண்டும். அந்த அலுவலகத்தில் உருப்படியான விஷயம் இரண்டு: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளுக்கு இலவசமாக வகுப்பு நடத்தும் தன்னார்வப் பயிலும் வட்டம், அப்புறம் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும் சிறிய தனியார் வேலைவாய்ப்பு முகாம். முகாமில் வேலை கிடைக்கிறதோ இல்லையோ, நேரில் நான்கு பேர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். அவருக்கு இப்போது மருந்து அதுதான்.

இன்டர்வியூவில் ‘இவ்வளவு நாள் என்ன செய்தாய்’ என்று கட்டாயம் கேட்பார்கள். ‘தேடினேன், கிடைக்கவில்லை, இடையில் மாமா கடைக் கணக்கைப் பார்த்தேன்’ என்று நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். இடைவெளியைவிட அதை மூட அவர்கள் தைக்கிற ஒட்டுதான் எங்கள் கண்ணில் முதலில் படும்.

‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி பேச்சு வந்தால், சாப்பாடே இறங்கவில்லை என்றால், அது வேலை ஆலோசகனிடம் கேட்கிற விஷயம் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ, 104 மருத்துவ உதவி எண்ணிலோ தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார், கூட்டிப்போங்கள்.

அந்தக் கல்யாணம். ‘வந்தே ஆக வேண்டும்’ என்று இழுக்காதீர்கள், அங்கே நாற்பது பேர் ‘தம்பி இப்ப என்ன பண்றீங்க’ என்று கேட்பார்கள் என்பதுதான் அவர் பயம், அது பொய்யான பயமும் இல்லை. சித்தப்பாவிடம் தனியாகச் சொல்லி, அவரே போன் போட்டு ‘பந்தியை நீதான் பார்த்துக்கணும்டா, எனக்கு வேற ஆள் இல்லை’ என்று கேட்கச் சொல்லுங்கள். சாம்பார் வாளியோடு ஓடுகிறவனை நிறுத்தி வைத்து யாரும் விசாரிக்க மாட்டார்கள், அப்படியே கேட்டாலும் அவர்கள் இலையில் அப்பளம் வந்ததும் மறந்துவிடுவார்கள்.