ரூம்ல பூட்டி வெச்சா சரியாயிடுமா டாக்டர்?

கேள்வி: நாங்க மன்னார்குடி பக்கம் விவசாயக் குடும்பம். பையனுக்கு 20 வயசு, காலேஜ் போறான். ஆறு மாசமா யாருகிட்டயும் மொகம் குடுத்து பேசறதில்ல, இந்த வெயில்லயும் முழுக்கை சட்டை, நெல்லு போட்ட காசுல 4 ஆயிரம் காணும். போன வாரம் மோட்டார் கொட்டாயில ஊசியும் வலி மாத்திரை அட்டையும் கெடந்துச்சு. கோயில்ல கயிறு கட்டி ஒரு வாரம் ரூம்ல பூட்டி வைங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. செய்யலாமா?

பதில்: பூட்டாதீங்கம்மா. கயிறு கட்டுங்க, அது மனசுக்குத் தெம்பு, ஆனா ஆஸ்பத்திரிக்கு பதிலா வேணாம்.

அட்டைல டேபென்டடால்னு போட்டிருக்கான்னு பாருங்க. அது அபின் மாதிரியே மூளைல வேலை செய்யற வலி மாத்திரை, மொதல்ல சொகமா இருக்கும், போகப் போக மூளை பழகி ஒண்ணு போட்ட எடத்துல நாலு கேக்கும், அப்பறம் சொகத்துக்காக இல்ல, போடலன்னா உடம்பு தாங்காதுன்னுதான் போடுவாங்க, அதனால அவன் பேசாம இருக்கறத திமிருன்னு நெனைக்காதீங்க. வாய்ல போடற மாத்திரைய கரைச்சு ஊசில ஏத்துனா அதுல கரையாத மாவு ரத்தக்குழாய அடைச்சு கை வீங்கி சீழ் வைக்கும், நுரையீரல் வரைக்கும் போகும், வலிப்பும் வரலாம். ஒரே ஊசிய நாலு பேர் போட்டா ஹெபடைட்டிஸ் சின்னு கல்லீரல் நோய், எச்ஐவி ரெண்டும் தொத்தலாம்.

திடீர்னு நிறுத்துனா கொட்டாவி, மூக்குல தண்ணி, வயித்துப்போக்கு, எலும்பெல்லாம் கொடைச்சல், தூக்கமே வராது. பூட்டி வெச்சா இதெல்லாம் பட்டு ஒரு வாரத்துல தெளிஞ்ச மாதிரிதான் இருப்பான், ஆனா போதை ஏக்கம் அப்படியே இருக்கும், பழகுன உடம்பு மட்டும் பழைய அளவ மறந்திருக்கும். வெளிய வந்து அதே அளவ போட்டான்னா மூச்சே நின்னுடும். எனக்கு ரொம்ப பயம் இந்த எடத்துலதான்.

திருவாரூர் இல்ல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு கூட்டிட்டு போங்க. ஏக்கத்த அடக்க நாக்குக்கு அடில வைக்கற மாத்திரை இருக்கு, மாசக்கணக்குல குடுக்க வேண்டி வரலாம், பாதில நிறுத்தாதீங்க. ஹெபடைட்டிஸ், எச்ஐவி டெஸ்டும் கேட்டு எடுத்துடுங்க. அங்க சொல்றத டாக்டர் ரகசியமா வெக்கணும்னு 2017 மனநலச் சட்டமே சொல்லுது. கெளம்பறதுக்கு முன்ன யார்கிட்டயாவது பேசணும்னா போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல உதவிக்கு 14416, ரெண்டு போன் நம்பருமே இலவசம்.

என்னைக்காவது எழுப்பியும் எழாம, உதடு நீலமாகி, மூச்சு விட்டு விட்டு வந்தா 108 கூப்பிட்டுட்டு ஒருக்களிச்சு படுக்க வைங்க, என்ன போட்டான்னு மறைக்காம சொல்லுங்க.

இன்னைக்கு ராத்திரி சோறு போட்டுட்டு பக்கத்துல உக்காந்து, ஊசிய பாத்தேன், உன்னைய திட்ட வரல, நாளைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி போவோம்னு மட்டும் சொல்லுங்க.