மன்னார்குடி பக்கம் கிராமம். 45 நாள் நாட்டு நாய்க்குட்டி வந்திருக்கிறது. தடுப்பூசி எப்போது, ராத்திரி அழுகைக்கு என்ன வழி?

8 வாரம் வரை தாயிடம் விட்டிருக்கலாம். சரி, வந்துவிட்டது.

முதலில் குடற்புழு மருந்து, எடை பார்த்து. 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி (பல நோய்களுக்குச் சேர்த்துப் போடுவது). பிறகு 3, 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை. வெறிநாய்க்கடி ஊசி 3 மாதத்தில். ஊசிகள் முடியும்வரை தெருமண்ணில் விடாதீர்கள். பார்வோ என்ற குடல்நோய்க் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாந்தியும் ரத்தக் கழிச்சலும் கண்டால் கைவைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

நம் பக்கம் பலர் மறப்பது எலிக்காய்ச்சல். வயல் எலியின் சிறுநீர் வாய்க்கால் தண்ணீரில் கலக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசல்வரை வரும். குட்டி அதைக் குடித்தால் கல்லீரல், சிறுநீரகம் கெடும், நமக்கும் தொற்றும். எல்லாக் கூட்டு ஊசியிலும் இதற்கு மருந்து இருக்காது, கேட்டே போடுங்கள்.

பசும்பால் பல குட்டிகளுக்குக் கழிச்சல் தரும். குழைந்த சோறு, அவித்த முட்டை கொடுக்கலாம், வெங்காயம் கூடாது.

அழுகையா? பழைய கைலி விரித்த அட்டைப்பெட்டியை உங்கள் கட்டிலருகே வையுங்கள். திண்ணையில் தனியாகக் கட்டினால் தெருவே விழித்திருக்கும்.