ஒற்றை சாக்ஸ்

அன்புள்ள சார்,

நான் திருச்சி பக்கம் ஒரு வங்கியில் கேஷியர். வயது 43. கணவர் நல்லவர். மகள் பதினொன்றாவது, மகன் ஏழாவது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார், அவரால் எனக்கு ஒரு தொல்லையும் கிடையாது. வீட்டுக் கடனைத் தவிர வேறு கடன் இல்லை. ஆனாலும் எதற்கெடுத்தாலும் கத்துகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை மகனுடைய சாக்ஸில் ஒன்றைக் காணவில்லை. வாசலில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறது. நான் போட்ட சத்தத்தில் பையன் வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டான். மாமியார் காலை டிபனைத் தொடவே இல்லை. அதற்கு முந்தின நாள் கவுண்டரில் 500 ரூபாய் குறைந்து கைக்காசைப் போட்டேன், அது எங்கள் வேலையில் சகஜம்தான். தலைவலி விடாததால் டாக்டரிடம் போனேன். பிரஷர் 140/90 இருக்கு, டென்ஷனைக் குறைங்கம்மா என்றார். எதைக் குறைப்பது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. எனக்குத்தான் கஷ்டமே இல்லையே! எத்தனையோ பேர் எவ்வளவோ துன்பத்தைத் தாங்கிக்கொண்டு சிரித்த முகமாக இருக்கிறார்கள். தோழி யோகாவுக்குக் கூப்பிடுகிறாள். போகட்டுமா?

பெயர் வேண்டாமே.
ச.

அன்புள்ள ச.,

யோகாவுக்குப் போங்கள், நல்லதுதான். ஆனால் அந்த 500 ரூபாயை யோகா கண்டுபிடித்துத் தராது.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சாக்ஸுக்கு மூன்று வாக்கியம் எழுதியிருக்கிறீர்கள். 500 ரூபாய்க்கு ஒன்றே ஒன்று, அதற்கும் ‘சகஜம்தான்’ என்று மூடி போட்டுவிட்டீர்கள். எனக்கு வருகிற கடிதங்களில் பெரும்பாலும் இப்படித்தான். விஷயம் மூடி போட்ட பாத்திரத்தில் இருக்கும்.

மகள் அறிவியல் பிரிவு என்றால் அவளுடைய இயற்பியல் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். தகைவு, திரிபு என்று இரண்டு சொல் வரும். கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் கம்பிக்குள் எழுவது தகைவு, ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ். அதனால் கம்பி நீள்கிறதே, அது திரிபு, ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயின். இந்த வட்டாரத்திலிருந்துதான் ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை மருத்துவத்துக்கு எடுத்துவந்தார் ஹான்ஸ் செல்யே. 1936-ல் கனடாவின் மான்ட்ரியலில் எலிகளை ஆராய்ந்தவர். குளிரில் போட்டாலும், காயப்படுத்தினாலும், ஓடவிட்டுக் களைக்கவைத்தாலும் எலிகளுக்கு உள்ளே கெட்டது ஒரே மாதிரிதான். அட்ரினல் சுரப்பி பெருத்தது, இரைப்பையில் புண் வந்தது. தனக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் தகைவை விட்டுத் திரிபுக்கான சொல்லை எடுத்திருப்பேன் என்று அவரே பிற்காலத்தில் சொன்னார். நம் பாடு இன்னும் மோசம். மன அழுத்தம் என்று ஸ்ட்ரெஸ்ஸையும் சொல்கிறோம், டிப்ரஷனையும் சொல்கிறோம். பேச்சில் எல்லாமே டென்ஷன்.

டாக்டர் பார்த்தது திரிபு. நீங்கள் எழுதியிருப்பதும் திரிபுதான். எடை எங்கே தொங்குகிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை.

‘கஷ்டமே இல்லையே’ என்கிறீர்கள். 1967-ல் ஹோம்ஸ், ரேஹி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ இறந்தால் 100, விவாகரத்து 73, கல்யாணம் 50. (கல்யாணத்துக்கு 50 குறைவு என்பது என் அபிப்பிராயம்.) பெரிய வீட்டுக் கடன் வாங்கினால் 31. உங்களுக்கு அது ஒன்றுதான் தேறும், அதுவும் சமீபத்தில் வாங்கியிருந்தால். அந்தப் பட்டியலின்படி நீங்கள் சொல்வது சரி, உங்களுக்குக் கஷ்டமே கிடையாது.

ஆனால் 1981-ல் ரிச்சர்ட் லாசரஸ் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு வேறு மாதிரி கேட்டது. நடுவயதுக்காரர்கள் நூறு பேரிடம் 117 அன்றாடத் தொல்லைகளின் பட்டியலைக் கொடுத்து மாதாமாதம் குறிக்கச் சொன்னார்கள். யார் மனத்தளவில் நொந்துபோகிறார் என்பதைப் பெரிய இடிகளைவிட இந்தச் சில்லறைத் தொல்லைகளே நன்றாகக் காட்டின. அதிகம் பேர் குறித்த பத்துத் தொல்லைகளில் உடல் எடை உண்டு, விலைவாசி உண்டு. பொருளை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுவதும் உண்டு. உங்கள் சாக்ஸ் அங்கேயே இருந்திருக்கிறது, பாருங்கள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று முயற்சிக்கு உதாரணம் சொல்வோம். அதைக் கல்லின் பக்கம் நின்று ஒருமுறை சொல்லிப்பாருங்கள். இன்னொருவர் தலையில் மலையே விழுந்திருக்கலாம். அதற்காக உங்கள் மேல் ஊர்கிற எறும்பு நின்றுவிடாது.

என் கதை ஒன்று. எங்கள் குடியிருப்பில் ஆறு வீடு. மூன்று வருடம் மோட்டார் போடுகிற பொறுப்பு என் தலையில். காலை ஐந்தரைக்குப் போட்டால் மொட்டைமாடி டேங்க் நிரம்ப நாற்பது நிமிடம் ஆகும். அந்த நேரத்தில்தான் எழுத உட்காருவேன். கை எழுதும், காது மாடியில் இருக்கும். நிரம்பி வழிந்து சன்ஷேடில் சொத்சொத்தென்று விழுகிற சத்தம் வந்துவிட்டால் மேல்வீட்டுக்காரர் “சார், தண்ணி!” என்று குரல் கொடுப்பார். மாதத்தில் இரண்டு நாள் நடந்தால் அதிகம். ஆனால் முப்பது நாளும் காது அங்கேயேதான். ஒன்பது மணிக்குக் காபி ஆறிப்போனதற்கு மனைவியிடம் எரிந்துவிழுவேன். எழுத்து வற்றிவிட்டது, வயசாகிறது என்று பெரிய பெரிய காரணமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு பழைய டைரியை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எப்போதெல்லாம் தெரிகிறதோ அப்போது மணியை மட்டும் குறித்தேன். ஏழு நாளில் ஆறு நாள் ஆறு மணிக்கு முன்னே பின்னே. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, டேங்க் நிரம்பினால் தானாக மோட்டார் நிற்கிற கன்ட்ரோலரை மாட்டச் சொன்னோம். செலவை ஆறு வீடும் பங்கு போட்டுக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகும் பத்துப் பன்னிரண்டு நாள் காது மாடிக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. உடம்புக்குச் செய்தி போய்ச் சேர நாள் ஆகும்.

நீங்களும் ஒரு வாரம் குறியுங்கள். மணி, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், உடம்பில் எங்கே இறுகியது: தாடையா, தோளா, வயிறா. அவ்வளவு போதும். காரணம் எழுதாதீர்கள், நாம் எழுதுகிற காரணம் அநேகமாகப் பொய்யாக இருக்கும். மாலை கவுண்டரை மூடிவிட்டு கேஷ் டேலி பார்க்கிற நேரம் அதில் வரும் என்று நான் பந்தயம் கட்டுவேன். புது நோட்டு இரண்டு ஒட்டிக்கொண்டு போயிருந்தால் உங்கள் காசு. அதைத் தினமும் மாலை வரை தெரியாமலே வைத்துக்கொண்டு, வரிசையில் நிற்பவரிடம் முகம் கொடுத்துப் பேசவும் வேண்டும். இது லேசான எடையா?

அதற்கு என்ன செய்யலாம்? கிளாஸ், சிங்கர் என்ற உளவியலாளர்கள் சுமார் ஐம்பது வருடம் முன்பு ஆட்களை இரைச்சலுக்கு நடுவே வேலை செய்யவைத்தார்கள். சிலருக்கு மட்டும் ஒரு பட்டன் கொடுத்தார்கள். அழுத்தினால் இரைச்சல் நிற்கும், ஆனால் கூடியமட்டும் அழுத்தாதீர்கள் என்றார்கள். அவர்களும் அழுத்தவில்லை. அப்படியும், இரைச்சல் ஓய்ந்த பிறகு கொடுத்த பிழை திருத்துகிற வேலையைப் பட்டன் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட ஒழுங்காகச் செய்தார்கள்.

உங்கள் பட்டன் மேஜைக்கடியில் கிடக்கிறது. ‘கவுண்டர் மூடப்பட்டுள்ளது’ என்ற பலகையைச் சொல்கிறேன். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை, ஐந்து நிமிடம் அதை வைத்துவிட்டு ரொக்கத்தை எண்ணிக்கொள்ள மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். குறைந்தால் அப்போதே தெரியும், யாரிடம் கூடுதலாகப் போனது என்று யோசிக்கவும் முடியும். மாத முதல் வாரம் பென்ஷன் கூட்டத்தில் நடக்காது. மற்ற நாளில் நடக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போகாதீர்கள். பத்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு உள்ளே போங்கள். 500 ரூபாய் போனதை அன்று ராத்திரி கணவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். சகஜம்தானே.

சாக்ஸ் விஷயம் சுலபம். ஒரே நிறம், ஒரே அளவில் ஆறு ஜோடி வாங்கிப்போடுங்கள். ஒன்று தொலைந்தாலும் மீதி பதினொன்றில் எது எதற்கும் ஜோடி.

பிரஷரை மட்டும் டென்ஷன் கணக்கில் தள்ளிவிடாதீர்கள். காபி குடிக்காமல், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, வேறு வேறு நாளில் இன்னும் சில தடவை பாருங்கள். மாத்திரை வேண்டும் என்று டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கமே வரவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை என்று வாரக்கணக்கில் போனால் அது வேறு விஷயம், மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். டெலிமானஸ் என்று அரசின் இலவசத் தொலைபேசி உதவி இருக்கிறது, எண் 14416, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

மாமியார் அன்று மதியமாவது சாப்பிட்டாரா? அதை நீங்கள் எழுதவே இல்லை.