கோல்ஃப் பயிற்சிக்குத் திட்டம் வகுப்பது எப்படி?

வாரத்தில் சில மணி நேரமே கிடைப்பவர் எதைப் பயில வேண்டும் என்ற கேள்விக்கு, அவருடைய ஸ்கோர் அட்டையே முதல் விடையைத் தரும். அண்மைச் சுற்றுகளில் வீணான அடிகளை, டீயிலிருந்து (ஆட்டம் தொடங்கும் இடம்) அடித்தவை, கிரீனை (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் தளம்) நோக்கி அடித்தவை, சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து அடிக்கும் குறும் அடி), பட் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி) என்று பிரித்துக் குறித்துக்கொண்டு, இழப்பு மிகுந்த ஒன்றிரண்டுக்கே பெரும்பகுதி நேரத்தை ஒதுக்க வேண்டும். பார் 72, அதாவது 18 குழிகளுக்கு நிர்ணயித்த 72 அடிகள் என்னும் கணக்கிலேயே குழிக்கு இரண்டு வீதம் 36 பட்கள் அடங்கியிருக்க, பலர் நெடுந்தூரம் அடிக்க உதவும் டிரைவர் என்னும் மட்டையால் மட்டுமே ஓங்கி அடித்துப் பயிற்சியை முடித்துக்கொள்வது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஒரே கிளப்பால் (மட்டையால்) வரிசையாகப் பந்துகளை அடிப்பது ஸ்விங்கை, அதாவது மட்டையை வீசும் முறையைத் திருத்தும்போது உதவும்; மற்ற நேரங்களில் ஒவ்வோர் அடிக்கும் இலக்கையும் கிளப்பையும் மாற்றுங்கள், ஏனெனில் ஆட்டத்தில் ஒரே அடி அடுத்தடுத்து வருவது அரிது. பட் பயிற்சியை, ஒரு மீட்டர் தொலைவிலிருந்து தொடர்ந்து 10 பந்துகள் குழியில் விழும்வரை நிறுத்தாதீர்கள்.