போட்டோகிராஃபர் வைக்காத கல்யாணம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி அனுப்பச் சொன்னதும் குவிந்துவிட்டன. என்னைத் தெரியாதவர்களுக்கு: மஞ்சக்குப்பத்தில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட், ஆல்பம் வேலை பார்த்தவள். சொந்தக்காரர் கல்யாணம் என்றால் கேமராவும் பிடிப்பேன். ஆவணி முகூர்த்தம் நெருங்குவதால் அவசரமானவற்றை முதலில் எடுத்துக்கொண்டேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: எதில் எடுத்தாலும் லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். கல்யாண வீட்டில் சந்தனம், எண்ணெய், வியர்வை எல்லாம் கையில் இருக்கும், அந்தக் கையால்தான் போனைப் பிடிக்கிறோம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அக்கா, தங்கச்சி கல்யாணம் திருவந்திபுரத்தில், காலை முகூர்த்தம். சித்தப்பா, பெரியப்பா பசங்க ஆறு பேரிடம் நல்ல போன் இருக்கிறது. ஆளாளுக்கு எடுத்தால் போதாதா?

போதாது தம்பி. ஆறு பேர் எடுத்தால் தாலி கட்டுவது ஆறு தடவை இருக்கும், உங்கள் பாட்டி ஒரு தடவைகூட இருக்க மாட்டார். இரண்டு பேரை மட்டும் பொறுப்பாக்குங்கள். ஒருவர் மணமேடையை விட்டு நகரக்கூடாது, இன்னொருவர் மேடைப் பக்கமே போகக்கூடாது, வந்த ஜனங்களைத்தான் எடுக்க வேண்டும். மேடைக்கு வைக்கும் ஆளுக்குச் சடங்கில் எந்த வேலையும் இருக்கக்கூடாது. மாப்பிள்ளைத் தோழனாக நிற்பவரிடமோ, மாமன் மாலை போட வேண்டியவரிடமோ இந்தப் பொறுப்பைக் கொடுத்தால் முக்கியமான நேரத்தில் அவர் கையில் போன் இருக்காது, தட்டு இருக்கும். மேடைக்கு வைக்கும் ஆளை முதல் பந்தியிலேயே சாப்பிட வைத்துவிடுங்கள்.

திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளில் ஒரு ஜோடி எழுந்தால் அடுத்த ஜோடி உட்காரும், பக்கத்துக் கல்யாணத்துக் கூட்டமும் உங்கள் படத்தில் வந்து நிற்கும். அதனால் தூரத்தில் நின்று ஜூம் பண்ணாதீர்கள், மண்டியிட்டுக் கிட்டப் போய் எடுங்கள். பின்னால் நிற்கும் தெரியாத தலைகள் பாதி குறைந்துவிடும். ஒரு வாரம் முன்னால் அதே நேரத்துக்கு ஒரு நடை போய் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, எங்கே நின்றால் புரோகிதரின் முதுகு மறைக்காது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. தாலி கட்டுவதற்கு முன் தேங்காய் மேல் தாலியை வைத்துத் தட்டில் சபைக்கு எடுத்து வருவார்கள் இல்லையா? மக்களை எடுக்கும் ஆள் அந்தத் தட்டின் கூடவே போகட்டும். ஒவ்வொரு பெரியவரும் குனிந்து தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது முகமும் கையும் சேர்ந்து கிடைக்கும், அட்சதையை இன்னொரு கையில் பொத்தி வைத்திருப்பது உட்பட. அந்த நேரத்தில் யாரும் கேமராவுக்காகச் சிரிக்க மாட்டார்கள். வந்திருந்த மூத்தவர்கள் அத்தனை பேரும் ஐந்து நிமிடத்தில் வரிசையாக வந்துவிடுவார்கள், தனியாகத் தேடிப் போக வேண்டாம்.

பண்ருட்டி: எந்த போன் வாங்கினால் கல்யாணப் படம் நன்றாக வரும்?

இருக்கும் போன் போதும். லென்ஸைத் துடையுங்கள்.

லாஸ்பேட்டை: அண்ணன் ரிசப்ஷனில் எடுத்த வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது, முகமெல்லாம் ஊதா. என் ரிசப்ஷனில் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய?

கோடு வருவது எல்இடி விளக்கால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ப்ரோ மோடில் (எல்லாவற்றையும் நாமே கையால் மாற்றும் முறை) ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். ஃப்ளிக்கர் என்று செட்டிங் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். ஊதா முகத்துக்கு போன் பொறுப்பில்லை. டெக்கரேஷன்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, மேடைக்கு முன்னாலிருந்து அடிக்கும் கலர் பார் லைட்டை அணைத்துவிட்டு வெள்ளை வெளிச்சம் மட்டும் போடச் சொல்லுங்கள், கலர் எல்லாம் பின்னால் திரைச்சீலையில் இருக்கட்டும். பின்னால் எல்இடி திரை வைத்தால் பாதி வெளிச்சத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மணமக்கள் இருட்டாகத்தான் தெரிவார்கள்.

முத்தியால்பேட்டை: கல்யாணத்துக்கு முன் புதுச்சேரி ஒயிட் டவுனில் ஜோடியாக எடுக்க ஆசை. கடலில் சூரியன் மறையும்போது எடுத்தால் அழகாக இருக்குமா? தோழிதான் எடுக்கப் போகிறாள்.

நம் கடலில் சூரியன் உதிக்கும் தங்கச்சி, மறையாது. சாயங்காலம் போனால் பீச் ரோடு முழுக்கக் கூட்டம், வெளிச்சமும் முதுகுப் பக்கம் கட்டிடங்களுக்குப் பின்னால் போய்விடும். விடியற்காலையில் போங்கள். காலை ஏழரை வரைக்கும் அங்கே வண்டி விடமாட்டார்கள், காந்தி சிலைப் பக்கம் நடப்பவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். முதல் அரை மணி நேரம் கடலோரம், வெயில் ஏற ஆரம்பித்ததும் ரோமன் ரோலண்ட் தெருப் பக்கம் உள்ளே நிழலுக்கு வந்துவிடுங்கள்.

ஒயிட் டவுன் வீடுகளின் மஞ்சள் சுவரில் ஒரு விஷயம். சுவரை ஒட்டி நின்றால் அந்த மஞ்சள் முகத்தில் அடிக்கும், கன்னமும் கழுத்தும் காமாலை மாதிரி இருக்கும், பிறகு எந்த ஆப்பிலும் அது முழுசாகப் போகாது. சுவரிலிருந்து நாலடி தள்ளி நில்லுங்கள். கடுகு மஞ்சள், தங்க நிறப் புடவை அங்கே காணாமல் போய்விடும். அரக்கு, கரும்பச்சை, மயில்கழுத்து நீலம் எடுத்துக் காட்டும். ஏசி காரிலிருந்து இறங்கியதும் எடுக்காதீர்கள், நம் ஊர்க் காற்றில் லென்ஸ் பனி மூடிவிடும், பத்து நிமிடம் விடுங்கள். கடல் ஓரத்தில் உப்புப் படியும், துடையுங்கள். அந்த மஞ்சள் சுவர் வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், படியில் ஏறி உட்காராதீர்கள்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடில் பூ வைத்த தலையை எடுத்தால் மல்லிகைச் சரத்தின் ஓரத்தை போன் வெட்டிவிடும், ஜிமிக்கியும் பாதி மங்கிவிடும். அதை அணைத்துவிட்டு இரண்டு மடங்கு (2x) லென்ஸில் எடுக்கச் சொல்லுங்கள்.

புதுச்சேரி: இருதய ஆண்டவர் பசிலிக்காவில் திருமணம். உறவினர் எடுக்கலாமா?

பங்குத்தந்தையிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், எங்கே நிற்கலாம் எங்கே கூடாது என்று அவர் சொல்வதுதான். ஃப்ளாஷ் வேண்டாம். வண்ணக் கண்ணாடி ஜன்னலைச் சேர்த்து எடுத்தால் முகம் கருத்துப் போகும், போன் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்ச அளவு மாறாமல் பூட்டிவிட்டு எடுங்கள்.

விருத்தாசலம்: போனா, வாடகைக் கேமராவா?

கேமராவைப் பிடித்துப் பழகாதவருக்கு போன். போதும்.

பண்ருட்டி அக்கா ஒருவர்: மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் படம் சரியாக விழாவிட்டால், எல்லாம் முடிந்ததும் மறுபடி கட்டுவது போல ஒரு தடவை செய்ய வைத்து எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அக்கா. ஒரு கல்யாணத்தில் ஒரு தடவைதான் அது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க முடியாத கருத்து. தவறவிட்டால் தவறியதுதான், அதற்குப் பதில் அடுத்த நொடியில் அவள் நிமிர்ந்து யாரைப் பார்த்தாள் என்பதை எடுங்கள்.

இந்தப் பதிலுக்கு அவரே திரும்ப எழுதினார்: "நான் முன்வரிசையில் நின்றும் என் பெரியவள் கல்யாணத்தில் எதையும் பார்க்கவில்லை, பத்துப் பேர் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் நின்றார்கள். ஒரு படமாவது இருக்கட்டும் என்றுதான் கேட்டேன், அதில் என்ன தப்பு?" கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பத்துப் பேரைத்தான் உட்கார வைக்க வேண்டும், தாலியை இரண்டாம் தடவை தூக்கக்கூடாது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தவில் வாசிக்கும் அண்ணன் ஒருவர் நடுவில் வந்து எழுதியது: "படத்துக்காக இன்னொரு தடவை கெட்டிமேளம் கேட்கிறார்கள். கொட்டும்போது கை கூசுகிறது." அண்ணா, நீங்கள் வாசிக்க மாட்டேன் என்றே சொல்லலாம், நான் உங்கள் பக்கம்.

அதற்குள் சிதம்பரத்திலிருந்து ஒருவர், எங்களில் முதல் முடிச்சு மட்டும்தான் மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார் போடுவது, அதனால் 'மாப்பிள்ளை தாலி கட்டும் படம்' என்பதே அரை நொடிதான் என்றார். பாகூர்க்காரர் ஒருவர் மூன்றும் மாப்பிள்ளை போடுவதுதான் முறை என்று அடித்துச் சொன்னார். அதன் பிறகு வந்தவை எல்லாமே இந்தச் சண்டைதான், யார் வீட்டில் யார் போடுகிறார், நாத்தனார் இல்லாவிட்டால் யார், ஒன்றுவிட்ட நாத்தனார் போடலாமா என்று. எது முறை என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, வீட்டுக்கு வீடு வேறுதான். ஆனால் படம் எடுப்பவர் இதை முந்தின நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாத்தனார் முடிச்சுப் போடும் வீடு என்றால் அவர் பெண்ணின் பின்னால் வந்து நிற்பார். எடுப்பவர் பின்பக்கம் நின்றால் அவர் முதுகு மட்டும்தான் கிடைக்கும். மாப்பிள்ளையின் முழங்கை பெண்ணின் முகத்தை மறைக்காத பக்கமாக, முன்னால் சற்றுச் சாய்வாக, மண்டியிட்டு இருங்கள். புரோகிதர் "கெட்டிமேளம்" என்று குரல் கொடுத்ததும் பர்ஸ்டில், அதாவது தொடர்ந்து படம் படமாக ஓட விடுங்கள், மூன்றாவது முடிச்சு விழும்வரை நிறுத்தாதீர்கள். அதற்கு ஐந்து நிமிடம் முன்பு குடும்பத்துப் பெரியவர் ஒருவர் மைக்கில், இருந்த இடத்திலிருந்தே அட்சதை போடுங்கள், போனை மடியில் வையுங்கள் என்று சொல்லட்டும். இளசுகள் சொன்னால் கேட்க மாட்டார்கள், தாய்மாமா சொன்னால் கேட்பார்கள்.

முடிச்சு விவாதம் இத்துடன் போதும், படக் கேள்விகள் காத்திருக்கின்றன.

குறிஞ்சிப்பாடி: எல்லோரும் எடுத்ததை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லி ஆல்பம் போடலாமா?

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஆல்பத்துக்குக் கொண்டு வராதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வழக்கமாக அனுப்பினால் படத்தின் நீளப்பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும், ஐந்து அங்குலத்துக்கு மேல் போட்டால் முகம் மொழுக்கென்று ஆகிவிடும். நீங்கள் கேட்பதோ 12க்கு 36 அங்குல ஆல்பம். அதே படத்தை போனிலிருந்து நேராகக் கொண்டு வந்தால், 12 மெகாபிக்சல் என்றாலே 13க்கு 10 அங்குலம் வரை தாராளமாகப் போடலாம். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லை கூகுளில் ஒரு பொது ஆல்பம் திறந்து இணைப்பைக் கொடுங்கள், 15 ஜிபி இலவசம். எல்லாவற்றையும்விட நல்லது, மண்டபத்திலேயே ஒரு பையன் லேப்டாப்புடன் உட்கார்ந்து, அவர்கள் பஸ் ஏறுவதற்கு முன் கேபிளில் இறக்கிக்கொள்வது. ஊருக்குப் போன பிறகு யாரும் அனுப்ப மாட்டார்கள்.

வடலூர்: அக்கா, ஆண்ட்ராய்டா ஐபோனா, எதை வாங்க?

இதற்கு இனி பதில் இல்லை.

கடலூர் துறைமுகம்: அப்பா இல்லை. அம்மா மேடைப் பக்கம் வர மாட்டேன், ஓரமாக இருக்கிறேன் என்கிறார். அம்மா இல்லாமல் ஆல்பமா என்று இருக்கிறது.

வற்புறுத்தி மேடையில் ஏற்றினால் படத்தில் அந்தச் சங்கடம்தான் தெரியும். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வீட்டில் வைத்து எடுங்கள். அம்மா உங்களுக்குத் தலை பின்னட்டும், நகைப் பெட்டியைத் திறந்து கொடுக்கட்டும். ஜன்னல் ஓரம் பாய் போட்டு உட்காருங்கள், அந்த வெளிச்சமே போதும். கல்யாணத்தன்று அவர் எங்கே உட்காருவார் என்று எடுப்பவரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள், தாலி கட்டும்போது ஒருவர் அவரை மட்டும் பார்த்து எடுக்கட்டும். முடிந்ததும் மாப்பிள்ளையோடு நீங்களே இறங்கி அம்மாவிடம் போய் ஆசீர்வாதம் வாங்குங்கள். மேடைக்கு வருவதில்தான் அவருக்குத் தயக்கம், பிள்ளைகள் தேடி வந்தால் எழுந்து நிற்பார். ஆல்பத்தில் முதல் பக்கம் அதுதான் என்று லேபில் சொல்லுங்கள், அவர்கள் வழக்கம்போல் மாலை மாற்றும் படத்தை முதலில் வைத்துவிடுவார்கள்.

லாஸ்பேட்டை: மண்டபத்துக்கு மேல் ட்ரோன் விடலாமா?

பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது தம்பி. விடாதீர்கள். மொட்டை மாடியில் ஒருவரை நிற்க வையுங்கள்.