பானைத் தண்ணீர் எங்கே போகிறது?

கேள்வி: போன மாதம் சந்தையில் 450 ரூபாய் கொடுத்துக் குழாய் வைத்த மண்பானை வாங்கினேன். பத்து லிட்டர் பிடிக்கும். இரவு கழுத்து வரை நிரப்பி மூடி வைத்தால், யாரும் தொடாமலே மறுநாள் இரவுக்குள் இரண்டு விரல் அளவு இறங்கிவிடுகிறது. ஓட்டைப் பானையைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார் மாமியார். கடைக்காரரோ, மண்பானை என்றால் அப்படித்தான் என்கிறார். யார் சொல்வது சரி? – வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலும் கடைக்காரர் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் வார்த்தையை நம்பி விட்டுவிடாதீர்கள், நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. தண்ணீர் அவற்றின் வழியே மெல்ல ஊறி வெளிப்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்குத் தேவைப்படும் வெப்பம், அதே ஒரு லிட்டரை அறைச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படுவதைப் போல சுமார் எட்டு மடங்கு. அந்த வெப்பத்தில் பெரும்பகுதியைப் பானையிலிருந்தும் உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரிலிருந்தும்தான் அது எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் குளிர்வது அதனால்தான். குறையாத பானை குளிராத பானை. பளபளவென்று வார்னிஷ் அல்லது பெயின்ட் அடித்த பானைகளை வாங்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான். துளை அடைபட்டால் அது வெறும் பாத்திரம்.

இரண்டு விரல் என்பது பயமுறுத்தும் அளவும் இல்லை. பானையின் கழுத்து குறுகல். சுமார் 15 சென்டிமீட்டர் அகலக் கழுத்தில் இரண்டு விரல் இறங்கினால் போனது அரை லிட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். அகலமான வாளியில் அதே அளவு போயிருந்தால் உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது.

இப்போது சோதனை. பானையின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்துவிட்டு, காய்ந்த செய்தித்தாள் மேல் ஒரு இரவு வையுங்கள். காலையில் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். உடம்பு முழுக்க ஒரே சீராகச் சில்லென்று ஈரம் இருந்து, தாள் லேசாகப் பதமாகியிருந்தால் பானை நல்ல பானை. ஒரு கோடு மட்டும் கருத்து நனைந்திருந்தாலோ, ஓரிடத்தில் முத்து முத்தாகத் துளி நின்றாலோ, தாளில் குளம் கட்டியிருந்தாலோ அது விரிசல். குழாய் மாட்டிய இடத்தை விரலால் சுற்றித் தடவ மறக்காதீர்கள். குழாய் வைத்த பானைகளில் கோளாறு அதிகம் வருவது அங்கேதான். அப்படியானால் வாஷரை மாற்றினாலே போதும்.

விரிசல் என்றால் பானையோடு போய் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 450 ரூபாய்க்கா என்று தயங்காதீர்கள், அதுவும் உங்கள் பணம்தான். பில் வாங்கி வைத்திருந்தால் பேச்சு எளிது.

இன்னொன்று. போர் தண்ணீர் ஊற்றினால், நீர் மட்டும் போய் உப்பு பானையிலேயே தங்கும். வெளியே வெள்ளையாகப் பூத்தால் துளை அடைகிறது என்று அர்த்தம். சோப்பு போடாமல் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள்.

கேள்வி: மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். இரவில் ஒரு அங்குலம் குறைகிறது. வெயிலில் ஆவியாகிறது என்கிறார் ஒரு பிளம்பர், டேங்க்கையே மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். – வாசகர், மதுரை

பதில்: இரண்டையும் ஏற்காதீர்கள். கோடையில் திறந்த வெளியில் வெயில் படும் தண்ணீரே நாள் ஒன்றுக்கு ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர்தான் இறங்கும். மூடி போட்ட டேங்க்கில் ராத்திரியில் 25 மில்லிமீட்டர் போவது ஆவியால் அல்ல. அந்த ஒரு அங்குலம் ஏறக்குறைய 24 லிட்டர்.

இரவு படுக்கும் முன் டேங்க்கின் வெளியேறும் வால்வை மூடி, நீர்மட்டத்தில் குறி போடுங்கள். காலையில் குறையாவிட்டால் டேங்க் மேல் பழி இல்லை, வீட்டுக்குள் எங்கோ கசிகிறது. அப்புறம் கழிப்பறை ஃபிளஷ் டேங்க்கில் கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்து அரை மணி நேரம் யாரும் தொடாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் திருடன் அகப்பட்டான். தேய்ந்த வாஷரை மாற்றுவது டேங்க் வாங்குகிற செலவில் ஒரு துளிகூட ஆகாது.

கேள்வி: ஃப்ரிட்ஜின் பின்னால் உள்ள தட்டில் தண்ணீர் சேர்கிறது, தானே காய்ந்தும் விடுகிறது. அப்படியே விடலாமா? – வாசகி, கோவை

பதில்: கம்ப்ரசர் சூட்டில் காய்வதற்காகவே அந்தத் தட்டை அங்கே வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்படியே விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, நீர் நிற்கும் கோட்டுக்குச் சற்று மேலே ஓரத்தில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், மறுபடி ஈரம் பட்டதும் பொரிக்கும். கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தட்டின் ஓரங்களை நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். பூந்தொட்டியின் அடித்தட்டையும் சேர்த்துத்தான்.